சுவருக்கு அந்தப் பக்கம் ராயப்பன்

திண்டுக்கல்
5.11.2023

அன்புத் தங்கை திரேசம்மாளுக்கு,

அண்ணன் இஞ்ஞாசி எழுதுகிறேன். நான் சுகம். சர்க்கரை சொன்ன பேச்சைக் கேட்கிறது. உன் முழங்கால் எப்படி? போனில் நான் பேசுவது உனக்குக் கேட்பதில்லை. உன் பேரன் இனிகோவை நடுவில் வைத்துக்கொண்டால் எனக்குப் பேச்சு வருவதில்லை. ஆகவே கடிதம்.

கல்லறைத் திருநாளுக்குச் செங்கரட்டுப்பட்டி போய்வந்தேன். பாட்டன் கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்து, சம்பங்கி மாலை போட்டு, மெழுகுவத்தி ஏற்றினேன். ஊருக்குப் புதிதாக வந்திருக்கிற சாமியார் முன்பக்கத்தில் பெரிய தெருக்காரர்களின் கல்லறைகளுக்குத் தீர்த்தம் தெளித்துவிட்டு, ரோட்டுக்கு வந்து, கல்லறையை இரண்டாகப் பிரிக்கிற சுவரைச் சுற்றிக்கொண்டு ஓடைப் பக்கமாக நம் கீழத்தெருக் கல்லறைகளுக்கு வந்தார். அதற்குள் நம்முடைய மெழுகுவத்திகள் பாதி உருகியிருந்தன. எல்லாம் வழக்கம்தான்.

வழக்கமில்லாத ஒன்றும் நடந்தது. பூசை முடிந்ததும் பங்குப் பேரவையின் துணைத்தலைவர் ஆனந்த்ராஜ் ஓர் அறிவிப்பு வாசித்தார். கல்லறைத் தோட்டத்தில் இடம் போதவில்லையாம். நம் பின்பக்கத்தை ஜேசிபி வைத்து மட்டமாக்கி சிமெண்ட் அடுக்குக் கல்லறை கட்டப்போகிறார்களாம். பெயர் தெரிகிற கல்லுக்குச் சொந்தக்காரர்கள் வந்து சொன்னால் அதை மட்டும் விட்டுவிடுவார்களாம். மற்றவை போய்விடும்.

நம் பாட்டன் கல்லில் பெயர் தெரியவில்லை. அப்பா காலத்திலிருந்து வருடா வருடம் அடித்த சுண்ணாம்பு விரல் கனத்துக்கு ஏறியிருக்கிறது. அடியில் எழுத்து இருப்பது தடவினால் தெரிகிறது. அதைச் சுரண்டிப் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன். இத்தனை வருடம் கும்பிட்ட கல்லைச் சுரண்டுவது சரியா என்றும் யோசிக்கிறேன். உன் எண்ணம் என்ன?

உன் வீட்டார் அனைவருக்கும் என் ஆசி.

இஞ்ஞாசி

*

பத்ராவதி
19.11.2023

பாசமுள்ள அண்ணனுக்கு திரேசம்மாள் எழுதுவது.

எல்லாரும் நல்லா இருக்கோம். முழங்கால் அப்படியேதான் இருக்கு. காது இப்போ இடி இடிச்சாக்கூட பக்கத்து வீட்டில் கதவு சாத்தின மாதிரி கேட்கிறது.

கல்யாணப் பந்தியில் ரெண்டாந்தரம் வெஞ்சனம் கேட்கவே கூச்சப்பட்டு வெறுஞ்சோறு சாப்பிட்டு எழுந்திருக்கிற ஆள் நீங்க. உங்களிடம் போய் ஆண்டவர் இந்த வேலையைக் கொடுத்திருக்கிறாரே. யோசிக்காதீங்க, சுரண்டுங்க. கல்லுக்கு வலிக்காது. சர்வே ஆபீசில் முப்பது வருஷத்துக்கு மேல் ஊரான் நிலத்துக்கெல்லாம் படம் வரைஞ்சீங்களே, நம்ம பாட்டன் படுத்திருக்கிற ஆறடிக்கு ஒரு படம் வரைய மாட்டீங்களா?

அது என்ன, இடம் போதலைன்னா பின்பக்கத்தைத்தான் மட்டமாக்கணுமா? முன்பக்கத்தில் ஒவ்வொருத்தனும் ஒரு வீடு அளவுக்குக் கட்டி வச்சிருக்கானே, அது கண்ணுக்குத் தெரியலையா?

இனிகோவுக்குப் பெண் பார்க்கிறோம். வேளைக்கு மாத்திரை போடுங்க.

திரேசம்மாள்

*

திண்டுக்கல்
18.12.2023

என் தங்கைக்கு,

நான் நலம். பனி விழுவதால் காலையில் நடப்பதை நிறுத்திவிட்டேன். கிறிஸ்மஸ் நெருங்குகிற சமயத்தில் இப்படி ஒரு விஷயம் எழுத வேண்டியிருக்கிறது. பொறுமையாகப் படி.

கல்லின் மேல் நனைத்த கோணியைப் போட்டு ஊற வைத்தேன். இரும்பு படக்கூடாது என்று மூங்கில் சிம்பால் மெல்ல மெல்லப் பெயர்த்தேன். அடுக்கடுக்காக வந்தது. நடுவில் ஒரு அடுக்கு நீலம். அப்பா ஒரு வருடம் சுண்ணாம்பில் நீலம் கலந்தது உனக்கு நினைவிருக்கலாம். சாயங்கால வெயிலில், முகம் மழிக்கிற கண்ணாடியைக் கல்லுக்குப் பக்கவாட்டில் பிடித்தால் தேய்ந்த எழுத்தும் நிழல் விழுந்து எழும்பி நிற்கிறது. அப்படித்தான் படித்தேன்.

அது நம் பாட்டன் ராயப்பன் பெயர் இல்லை.

‘சேசு மரி சூசை. மணியக்காரர் ஞானப்பிரகாசம். 1921ஆம் வருஷம் கொள்ளைநோயில் மரித்தார். சமாதானத்தில் இளைப்பாறுவாராக.’

என் கண் மேல் சந்தேகப்பட்டு வீட்டுக்குத் திரும்பினேன். மறுநாளும் போய்ப் படித்தேன். அதற்கடுத்த வாரமும் படித்தேன். மாறவில்லை. மணியக்காரர் ஞானப்பிரகாசம் யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெரிய தெரு ஆனந்த்ராஜின் பூட்டன். நம் அப்பாவும், அப்பாவுக்குப் பின் நானும் இத்தனை காலம் மாலை போட்டது அவருக்கு.

நான் நினைப்பது இதுதான், தவறாகவும் இருக்கலாம். மணியக்காரர் கல்லையும் பாட்டன் கல்லையும் அப்போதிருந்த வெள்ளைக்காரச் சாமியார் ஒரே மாதிரி செய்து பக்கத்தில் பக்கத்தில் நட்டார் என்று அப்பா சொல்வார். அன்றைக்குச் சுவர் கிடையாது. கொள்ளைநோயில் செத்தவர்களைத் தெரு பார்க்காமல் ஒன்றாகத்தான் புதைத்திருக்கிறார்கள். பிறகு, அப்பாவின் வாலிபத்தில், சுவர் கட்டினார்கள். சரியாக இரண்டு கல்லுக்கும் நடுவில் கட்டினார்கள். அதற்குள் சுண்ணாம்பு எழுத்தை மூடியிருந்தது. கல்லுக்கும் வித்தியாசம் இல்லை. முன்பக்கம் இருப்பது மணியக்காரராகத்தான் இருக்கும் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பின்பக்கம் இருப்பது நம்முடையதாகத்தான் இருக்கும் என்று நாமும் எடுத்துக்கொண்டோம்.

அப்படியானால் பாட்டன் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லத் தைரியம் வரவில்லை.

பாலன் பிறப்பு உங்களுக்கெல்லாம் மகிழ்ச்சி தரட்டும்.

இஞ்ஞாசி

*

பத்ராவதி
2.1.2024

என் அண்ணனுக்கு,

புது வருஷம் நல்லதாகப் பிறக்கட்டும். உங்க கடிதத்தைப் படிச்சிட்டு நான் சிரிச்ச சிரிப்பில் மருமகள் அடுப்பை அணைச்சிட்டு ஓடி வந்தாள். கிழவிக்கு என்னமோ ஆயிருச்சுன்னு நினைச்சிட்டாள்.

மணியக்காரர் தொண்ணூறு வருஷமாக கீழத்தெரு மாலையைப் போட்டுக்கிட்டு கம்முன்னு படுத்திருக்காரே. ஒரு நாளாவது எழுந்து வேண்டாம்னு சொன்னாரா?

சாமியாரிடம் போய்ச் சொல்லுங்க. அவர் ஊருக்குப் புதுசு என்றீங்களே, அதுதான் நல்லது. நீங்க சொல்லவில்லை என்றால் நான் டிக்கெட் போட்டு வந்து சொல்வேன். என் சத்தம் உங்களுக்குத் தெரியும்.

திரேசம்மாள்

*

திண்டுக்கல்
11.2.2024

அன்புள்ள திரேசா,

சுகம் விசாரிக்கக்கூடப் பொறுமையில்லாமல் எழுதுகிறேன், மன்னித்துக்கொள்.

சாமியாரிடம் சொன்னேன். அவர் போய் ஆனந்த்ராஜிடம் சொல்லிவிட்டார். ஆனந்த்ராஜ் வந்த கோபத்தில், கல்லறைக்கு வரச்சொல்லி எனக்கு ஆள் அனுப்பினார். போனேன். பின்வாசல் வழியாகப் போய், மணியக்காரர் கல்லுக்குப் பக்கத்தில், சுவரோரம் நின்றேன். சுவர் என் தலைக்கு மேல் இருக்கிறது. அந்தப் பக்கம் யார் யார் நிற்கிறார்கள் என்று குரலை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஆனந்த்ராஜ் சத்தமாகச் சொன்னார்: “இஞ்ஞாசி சார் அங்கிட்டு இருக்காரா? இருக்கட்டும், நல்லாக் கேக்கட்டும். சாமி, இது எங்க பூட்டன் கல்லு. எங்க வீட்டு மாலை விழாத வருசம் கிடையாது. ஏலே, சுரண்டுடா.”

யாரோ சுரண்டினார்கள். இரும்பு படுகிற சத்தம் கேட்டது. “தண்ணி ஊத்திட்டுச் செய்யுங்க, எழுத்து போயிரும்” என்று சொன்னேன். அவ்வளவு மெதுவாகச் சொன்னால் சுவருக்குக்கூடக் கேட்டிருக்காது. இன்னொரு தரம் உரக்கச் சொன்னேன். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் வந்தது.

கொஞ்ச நேரம் கழித்துச் சாமியார் குனிந்து படித்திருக்க வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளை போல ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார்.

‘சேசு மரி சூசை. ராயப்பன். கொள்ளைநோயில் மரித்தவர்களை அடக்கம்பண்ணினவன். தானும் அந்நோயில் மரித்தான். 1921ஆம் வருஷம். சமாதானத்தில் இளைப்பாறுவானாக.’

நான் சுவரில் கை வைத்துக்கொண்டு நின்றேன். நம் பாட்டன் கொள்ளைநோயில் செத்தார் என்று மட்டும்தான் அப்பா சொல்லியிருக்கிறார். யாரும் தொடப் பயந்த பிணங்களைத் தூக்கியவர் என்று சொன்னதில்லை. அப்பாவுக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். மணியக்காரரையும் அவர்தானே தூக்கிப் புதைத்திருப்பார்? வெள்ளைக்காரச் சாமியார் ஏன் ஒரு கூலிக்காரனுக்கு மணியக்காரருக்குச் சமமாகக் கல் செய்து வைத்தார் என்பது இன்றைக்குத்தான் புரிகிறது.

கடைசியில் ஒரு இளவட்டக் குரல், “அப்ப நாம இம்புட்டு வருசமா...” என்று ஆரம்பித்தது. “வாய மூடுறா” என்றார் ஆனந்த்ராஜ்.

பஸ்ஸில் திரும்பினேன். பசித்தது. நன்றாகச் சாப்பிட்டேன்.

உன் அண்ணன்

*

பத்ராவதி
23.2.2024

அண்ணே,

நல்லா இருக்கீங்களா? நான் அந்தக் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வச்சிருக்கேன்.

ஊரெல்லாம் ஓடி ஒளிஞ்சபோது பிணம் தூக்கிய மனுஷனுக்கு, கல்லிலும் ‘மரித்தான்’. வீட்டில் படுத்துச் செத்தவருக்கு ‘மரித்தார்’. வெள்ளைக்காரச் சாமிக்கும் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கான் பாருங்க.

வருகிற கல்லறைத் திருநாளுக்கு நீங்க முன்வாசல் வழியாகப் போய்ப் பாட்டனுக்கு மெழுகுவத்தி வைக்கணும். வச்சே ஆகணும்.

இனிகோவுக்கு ஒரு இடம் கூடி வருகிறது. பெண் பெயர் ஆனந்தி, பேங்கில் வேலை. பெண் வீட்டாரும் பூர்வீகம் திண்டுக்கல் பக்கம்தானாம். நல்ல மனுஷர்கள்.

உடம்பைப் பார்த்துக்கோங்க.

திரேசம்மாள்

*

திண்டுக்கல்
14.4.2024

அன்புத் தங்கைக்கு,

வெயில் கொளுத்துகிறது. நத்தம் மாங்காய் வந்துவிட்டது, எனக்குத்தான் தின்ன அனுமதி இல்லை. இனிகோவுக்கு என் வாழ்த்தைச் சொல்.

பங்குப் பேரவையில் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார்கள். நாற்காலி போட்டார்கள், காப்பி வந்தது. ஆனந்த்ராஜ் தணிந்த குரலில் பேசினார்.

“இஞ்ஞாசி சார், நீங்க படிச்சவரு. இத ஊர் சிரிக்க விடக்கூடாது. ஒரு நாள் சாயந்தரம் நாலு ஆள வச்சு ரெண்டு கல்லையும் தூக்கி மாத்தி வச்சிருவோம். உங்க கல்லு உங்க பக்கம், எங்க கல்லு எங்க பக்கம். உங்க கல்ல மட்டும் ஜேசிபி தொடாது, நான் பொறுப்பு.”

“கல்ல மாத்திரலாம், எலும்ப என்ன செய்வீங்க?” என்று கேட்டேன். நான் கேட்டதா என்று எனக்கே சந்தேகம். சாமியார் என்னை நிமிர்ந்து பார்த்ததால் நான்தான் கேட்டிருக்கிறேன்.

“அது மண்ணாப் போயிருக்கும் சார்.”

“அப்ப பின்பக்கத்த மட்டமாக்கினா மணியக்காரரும் சேர்ந்து மட்டமாயிருவாரே. பரவாயில்லையா?”

திரேசா, இது எனக்கு அந்த நேரத்தில் தோன்றியதுதான். ஆனால் வீட்டுக்கு வந்து எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் சரியாகவே இருக்கிறது. மணியக்காரர் நம் பக்கத்தில் படுத்திருக்கிறவரை அவர்களால் ஜேசிபியை உள்ளே விட முடியாது. கல்லை எடுத்துக்கொண்டு போய்விட்டால் விடலாம். ஆகவே கல் அசையக்கூடாது. இரண்டு கல்லும்தான். கீழத்தெருவில் இதைச் சொன்னதும் சவரியாயி அக்கா, “மணியக்காரரு இப்பத்தேன் நமக்குக் காவக்காரரு” என்றாள். தெருவே சிரித்தது.

கல்லை மாற்றச் சம்மதமில்லை என்றும், கல்லறைத் திருநாளன்று முன்வாசல் வழியாக வருவேன் என்றும் சொல்லிவிட்டு எழுந்தேன். வாசல்வரை கூட வந்த ஆனந்த்ராஜ் இன்னொன்றும் சொன்னார். அது எழுதுகிற மாதிரி இல்லை.

நான் செய்வது சரிதானா? உன் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இஞ்ஞாசி

*

பத்ராவதி
20.6.2024

மரியாதைக்குரிய அண்ணன் அவர்களுக்கு,

தாங்கள் நலமா? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வீட்டில் வேலை.

இனிகோ நிச்சயதார்த்தம் நல்லபடி முடிந்தது. திடீரென்று நடத்தியதால் உங்களைக் கூப்பிட முடியவில்லை. இத்துடன் நிச்சயதார்த்த அட்டை ஒன்று வைத்திருக்கிறேன். கல்யாணம் ஜனவரியில்.

கல் விஷயத்தை அப்படியே விட்டுவிடுங்கள். மாற்றி வைக்கிறோம் என்றால் வைத்துவிட்டுப் போகட்டும். வயதான காலத்தில் சாமியாரோடும் பேரவையோடும் நமக்கு எதற்கு? பாட்டன் எங்கே இருந்தாலும் நம் செபம் போய்ச் சேரும். ஜனவரி கழியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
திரேசம்மாள்

*

திண்டுக்கல்
9.7.2024

அன்புள்ள திரேசா,

நான் நலம், நீயும் நலமாக இருக்க வேண்டும் என்பது என் செபம். உன் கடிதத்தை நீதான் எழுதினாயா என்று பார்க்கத் திருப்பித் திருப்பிப் படித்தேன். நீ என்னை ‘மரியாதைக்குரிய’ என்று ஒரு நாளும் எழுதியதில்லை.

அட்டை அழகாக இருக்கிறது. பெண் வீட்டாரின் பூர்வீக ஊர் போட்டிருக்கிறது. நம் பக்கம் பத்ராவதி மட்டும் இருக்கிறது. செங்கரட்டுப்பட்டி இல்லை.

ஏப்ரலில் ஆனந்த்ராஜ் வாசலில் சொன்னதை உனக்கு எழுதாமல் விட்டேன். இப்போது எழுதுகிறேன். “சார், உங்க தங்கச்சி பேரனுக்குப் பேசுற பொண்ணு எங்க வகையறா. அவ அப்பா எனக்குப் பங்காளி முறை. நீங்க எந்தத் தெருன்னு அவருக்கு இன்னும் தெரியாது. நான் சொல்லலை. நீங்க முன்வாசலுக்கு வந்தா சொல்ல வேண்டி வரும்” என்றார். உனக்கு இது தெரியாது, தெரிந்தால் வருந்துவாய் என்று நான் மறைத்தேன். இந்த அட்டையைப் பார்த்தால் உனக்கு முன்பே தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரிய வேண்டாம் என்று நீ மறைத்திருக்கிறாய். ஒருவரை ஒருவர் காப்பாற்றப் பார்த்திருக்கிறோம்.

உன்னைக் குறை சொல்லவில்லை. பத்ராவதியில் இரும்பாலைக் குடியிருப்பில் ஒருவரும் தெரு கேட்கவில்லை என்றால் நீ ஏன் போய்ச் சொல்ல வேண்டும்? நானே அலுவலகத்தில் ஊர்ப் பெயரைக் கேட்டால் ‘நத்தம் பக்கம்’ என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

‘நீ சொன்னபடியே நிறுத்திவிடுகிறேன்’ என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். அந்த வரி வரவில்லை. வாழ்நாள் முழுக்க எனக்குச் சுலபமாக வந்த வரி அதுதான். இன்றைக்கு வரவில்லை.

நவம்பர் இரண்டாம் தேதி நான் முன்வாசல் வழியாகப் போவேன். அவர்கள் வாயால் உனக்குத் தெரிவதற்கு முன் என் கையால் தெரியட்டும் என்று இப்போதே எழுதுகிறேன். இதனால் அந்தப் பிள்ளையின் கல்யாணம் கெட்டால் அதன் பாரம் என் மேல்தான். அதையும் தெரிந்துதான் எழுதுகிறேன். என் மேல் கோபமிருந்தால் கோபமாகவே எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

உன் அண்ணன் இஞ்ஞாசி

*

பத்ராவதி
16.10.2024

அண்ணே,

இம்புட்டு நாள் எழுதாமல் இருந்ததற்குக் கோபம்தான் காரணம். முதலில் உங்க மேல். பிறகு யார் மேல் என்று தெரியாமல் கிடந்தேன். உங்க கடிதத்தை ரெண்டு தரம் கிழிக்கப் போனேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ பிடிச்சு ஆனந்தி வீட்டுக்குப் போனேன். மகனிடமும் சொல்லவில்லை, இனிகோவிடமும் சொல்லவில்லை. இனிகோ கழற்றி வச்சிருந்த நிச்சயதார்த்த மோதிரத்தை எடுத்துக்கிட்டுப் போனேன். ஆனந்த்ராஜ் சொல்லித் தெரியட்டும்னு உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. எனக்குக் காது கேட்காதா, அதனால் மெதுவாகப் பேச வராது. நான் பேசியது அந்தத் தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

“நாங்க செங்கரட்டுப்பட்டி கீழத்தெரு. கல்லறையில சுவருக்குப் பின்பக்கம். உங்க பூட்டனப் பொதச்சது எங்க பாட்டன். அவர் படுத்திருக்கிறது உங்க பக்கம். சம்மதம்னா கல்யாணம், இல்லைன்னா இந்தாங்க நீங்க போட்ட மோதிரம்” என்று சொல்லி மேசை மேல் வைத்தேன்.

பெண்ணின் அப்பா என்னமோ சொன்னார். உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். “இத நீங்க சொல்லாம இருந்திருந்தா எங்களுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காதே பாட்டி” என்றார். அவருக்கு முன்னமே தெரியும் அண்ணே. தெரியாத மாதிரி இருக்க, நான் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டியிருந்தது அவருக்கு.

மோதிரத்தை எடுத்துக்கொண்டார்கள். வெளியே வரும்போது ஆனந்தி மட்டும் பின்னாலேயே வந்து, தன் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக் காட்டினாள்: அந்தக் கல்லுல என்ன எழுதியிருக்கு பாட்டி? சொன்னேன். அழுதாள். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. இனிகோ என்னோடு பேசுவதில்லை. சாப்பாடு மட்டும் எடுத்து வைக்கிறான். பேசுவானா என்று தெரியவில்லை. பாரம் உங்க மேல் என்று எழுதினீங்களே, அதை எடுத்துப்போடுங்க. அது என்னுடையது.

நீங்க முன்வாசல் வழியாகப் போங்க. குனியாமல் போங்க.

திரேசம்மாள்

*

திண்டுக்கல்
4.11.2024

என் அருமைத் தங்கை திரேசாவுக்கு,

உன் சுகத்துக்கும் இனிகோவின் மனதுக்கும் வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். நான் நலம். முழங்காலில் சிராய்ப்பு, மருந்து போட்டாயிற்று. ஏன் என்று கீழே எழுதுகிறேன்.

கல்லறைத் திருநாளன்று விடிந்ததும் பின்வாசல் வழியாகப் போய் மணியக்காரர் கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்தேன், எழுத்தை மட்டும் விட்டுவிட்டு. மாலை போட்டு மெழுகுவத்தி ஏற்றினேன். இத்தனை வருடம் செய்ததை அவர் பெயர் தெரிந்ததும் நிறுத்துவது நியாயமாகப் படவில்லை. பிறகு சுவரைச் சுற்றிக்கொண்டு ரோட்டுக்கு வந்தேன். எப்போதும் சாமியார் வருகிற வழியில் நான் எதிர்த்திசையில் நடந்தேன்.

முன்வாசலில் ஆனந்த்ராஜும் இன்னும் நாலைந்து பேரும் நின்றார்கள். உண்மையைச் சொல்கிறேன், திரும்பிவிடலாம் என்று தோன்றியது.

“சார், உங்க வாசல் அங்கிட்டு இருக்கு” என்றார்.

“தெரியும். எங்க பாட்டன் இங்கிட்டு இருக்காரு.”

“சம்பந்தம் போச்சு, கேள்விப்பட்டேன். இன்னும் பத்தலையா உங்களுக்கு?”

“போச்சு. இனி நீங்க சொல்லிக் காட்டுறதுக்கு ஒண்ணுமில்ல. வழி விடுங்க.”

அவர் விடவில்லை. தடுக்கவும் இல்லை, நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: “உங்க பூட்டனுக்குக் காலையிலயே வெள்ளையடிச்சு மெழுகுவத்தி வச்சிட்டேன். பாக்கணும்னா பின்வாசல் திறந்துதான் கிடக்கு. உங்கள யாரும் நிறுத்த மாட்டாங்க.”

அவர் பக்கத்தில் நின்ற இளவட்டம் சுவரைப் பார்த்தான். ஆனந்த்ராஜ் என்னைப் பார்த்தார். அந்தச் சமயத்தில் நான் அவருடைய தோளுக்கும் கம்பிக் கதவுக்கும் நடுவில் பக்கவாட்டாக நுழைந்துவிட்டேன். வீரமாக நுழைந்தேன் என்று எழுத ஆசைதான். ஆனால் சட்டை கொக்கியில் மாட்டிக் கிழிந்து, உள்ளே முட்டிக்கால் போட்டுத்தான் விழுந்தேன். யாரும் கை கொடுக்கவில்லை. நானே எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு நடந்தேன். குனியவில்லை.

பாட்டன் கல்லை அவர்கள் இந்த வருடம் தொடவில்லை. ஒரு மாலையும் இல்லை, வெள்ளையும் இல்லை. எழுத்து பளிச்சென்று தெரிந்தது. மெழுகுவத்தி வைத்தேன். காற்றுக்கு இரண்டு முறை அணைந்து மூன்றாவது முறை நின்றது. சாமியார் தீர்த்தத்தோடு வந்தார். என்னைப் பார்த்தார், ஆனந்த்ராஜைப் பார்த்தார், கையிலிருந்த செம்பைப் பார்த்தார். பிறகு ராயப்பன் கல்லில் தெளித்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

அப்போது வாசலில் சத்தம் கேட்டது. சவரியாயி அக்காவும் அவளுக்குப் பின்னால் கீழத்தெருவும். கை நிறைய மெழுகுவத்திகள். ஆனந்த்ராஜ், “உங்களுக்கு இங்க யாரு இருக்கா?” என்று கத்தினார்.

“அது எப்புடிப்பா தெரியும்?” என்றாள் அக்கா. “கொள்ளைநோயில எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுத்தான பொதச்சாக. எங்க ஆத்தாளப் பெத்தவ எந்தக் கல்லுக்குக் கீழ கெடக்காளோ. ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணு வச்சிட்டுப் போறேன். உங்க ஆளுதான்னு உறுதியாத் தெரிஞ்ச கல்லு இருந்தாச் சொல்லு, அத விட்டுர்றேன்.”

ஒருவரும் ஒரு கல்லையும் சொல்லவில்லை. சொல்ல முடியாது. அங்கே ஒவ்வொரு பழைய கல்லிலும் விரல் கனத்துக்குச் சுண்ணாம்பு. எந்தக் கல்லுக்கு அடியில் எந்தத் தெரு என்று பெரிய தெருவில் ஒருவருக்கும் தெரியாது. அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் வரிசையிலிருந்து வைத்துக்கொண்டே போனாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் வைத்தார்கள். பெரிய தெருக்காரர்களில் சிலர் வெளியே போனார்கள். சிலர் போகாமல் நின்று பார்த்தார்கள். ஒரு மூதாட்டி அணைந்துபோன ஒன்றை மறுபடி பற்றவைத்தார். அது யார் வைத்ததென்று அவர் பார்க்கவில்லை.

ஜேசிபி பற்றிப் பேரவையில் இனிப் பேச்செடுப்பார்கள் என்று தோன்றவில்லை. எடுத்தால் எடுக்கட்டும். சுவர் அப்படியேதான் நிற்கிறது. நான் அதை ஒன்றும் செய்யவில்லை, எனக்கு அவ்வளவு பலமும் இல்லை. ஆனால் முன்பக்கத்துப் பழைய கற்களை ஒவ்வொன்றாக ஊற வைத்துப் படித்து, யார் எங்கே என்று ஒரு படம் வரைவதாகச் சாமியாரிடம் சொல்லியிருக்கிறேன். “யார்கிட்ட அனுமதி வாங்கினீங்க?” என்று கேட்டார். “வாங்கலை” என்றேன்.

புதன்கிழமை முதல் கல்லை ஆரம்பிக்கிறேன். கோணி, மூங்கில் சிம்பு, கண்ணாடி எல்லாவற்றையும் பையில் எடுத்து வைத்துவிட்டேன். முன்வாசல் வழியாகத்தான் போவேன்.

இனிகோ பேசுகிறவரை நீயே அவனோடு பேசிக்கொண்டிரு.

இஞ்ஞாசி
செங்கரட்டுப்பட்டி ராயப்பன் பேரன்